டாலர்ல வந்தா அது சம்பளம் ஆகிடுமா?

பிளேஸ்மென்ட் சீசன் முடியுற நேரத்துல நம்ம வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரே மாதிரி மெசேஜ் சுத்த ஆரம்பிக்கும். "யு.எஸ். க்ளையன்ட், முழுக்க ரிமோட், மணிக்கு 500 ரூபாய், ஃப்ரெஷர்ஸ் அப்ளை பண்ணலாம், உடனடி ஜாயினிங்." கேம்பஸ்ல செலக்ட் ஆன கம்பெனி வருஷத்துக்கு 6 லட்சம்னு சொல்லியிருக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தா மாசம் 86 ஆயிரத்துக்கு மேல வருது. ஊரை விட்டுப் போக வேண்டாம், சென்னையில பி.ஜி. வாடகை வேண்டாம், வீட்டுச் சாப்பாடு. யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த வாய்ப்பை எடுக்காதீங்கன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவா தெரியணும். ஏஜென்சி மூலமா கான்ட்ராக்டரா சேர்றவர் வேலைக்குச் சேரலை, தொழில் தொடங்குறார். ஒரே ஒரு ஆள் இருக்கிற கம்பெனி, ஒரே ஒரு வாடிக்கையாளர். அந்தத் தொழிலை காலேஜ் முடிச்ச முதல் வருஷத்துலயே தொடங்க நம்மள்ல பெரும்பாலானவங்க தயாரா இல்லைங்கிறது என் கருத்து. ஏன்னு பார்ப்போம்.

யாருக்கு யார் முதலாளி?

இந்த ஏற்பாடு எப்படி நடக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்குவோம். அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்கு ஆள் வேணும். அது நேரா உங்களைத் தேடாது. ஒரு பெரிய வெண்டர்கிட்ட சொல்லும். வெண்டர் ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சிகிட்ட சொல்லுவார். சில நேரம் அந்த ஏஜென்சிக்குக் கீழே இன்னொரு ஏஜென்சி. கடைசியில நீங்க. க்ளையன்ட் மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்னு உங்களுக்குத் தெரியாது. நடுவுல இருக்கிற ஒவ்வொருத்தரும் அவங்க பங்கை எடுத்த பிறகு மிச்சம் உங்களுக்கு வருது.

கம்பெனிங்க ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க? இதுக்கு ஒரு பழைய வழக்கு நல்ல பாடம். 1980-களோட கடைசியில மைக்ரோசாஃப்ட்ல நிறைய பேர் ஃப்ரீலான்சர்ங்கிற பேர்ல, நிரந்தர ஊழியர்களோட ஒண்ணா உக்காந்து, அதே வேலையைப் பார்த்தாங்க. அமெரிக்க வருமான வரித் துறை பார்த்துட்டு, இவங்க ஊழியர்கள்தான்னு சொல்லிடுச்சு. உடனே கம்பெனி பலரை ஏஜென்சி வழியா வரச் சொல்லி மாத்துச்சு. 1992-ல அவங்க வழக்குப் போட்டாங்க: நாங்க வருஷக் கணக்கா இங்கதான் வேலை செய்றோம், ஊழியர்களுக்குக் கொடுக்கிற பங்குத் திட்டம் எங்களுக்கு ஏன் இல்லைன்னு. 2000-ல மைக்ரோசாஃப்ட் 9.7 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. 'பெர்மாடெம்ப்'ங்கிற வார்த்தை, அதாவது நிரந்தரமான தற்காலிகர், அப்போதான் பிரபலமாச்சு. அதோட இன்னொரு விதியும் வந்துச்சு: தற்காலிகமா ஒரு வருஷம் வேலை பார்த்தவர் 100 நாள் வெளியே இருந்துட்டுத்தான் திரும்ப வரலாம். பாதுகாப்பு கேட்டவங்களுக்கு இடைவெளி கிடைச்சுது.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2019 மார்ச் கணக்குப்படி கூகுள்ல முழுநேர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர். தற்காலிகர்களும் கான்ட்ராக்டர்களும் சுமார் 1,21,000 பேர். நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டுச்சு. உலகமே வேலைக்குச் சேரத் துடிச்ச கம்பெனியில ஊழியரைவிட ஊழியர் அல்லாதவர் அதிகம்.

அந்த அமெரிக்கத் தொழிலாளிங்களுக்குக் கோர்ட்டுக்குப் போக ஒரு வழியாவது இருந்துச்சு. நீங்க விருதுநகர்லயோ தஞ்சாவூர்லயோ உக்காந்திருக்கீங்க. அக்ரிமென்ட்ல 'தகராறு வந்தா டெலவேர் மாநிலச் சட்டப்படி'ன்னு இருக்கும். மூணு மாச பில் வரலைன்னா டெலவேருக்கு யார் போறது?

ஒரு சின்னக் கணக்கு

சரி, உணர்ச்சியை விடுங்க. நாம இன்ஜினியர்கள், எண்ணைப் பார்ப்போம்.

மணிக்கு 500, நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 260 வேலை நாள். மொத்தம் 2,080 மணி நேரம், 10 லட்சத்து 40 ஆயிரம். மெசேஜ் அனுப்புறவர் இந்த எண்ணைத்தான் காட்டுவார்.

இப்போ குறைப்போம். அமெரிக்காவுல மத்திய அரசு விடுமுறை வருஷத்துக்கு 11 நாள். க்ளையன்ட் ஆபீஸ் மூடினா உங்களுக்கு பில் இல்லை. பொங்கல், தீபாவளி, காய்ச்சல், அக்கா கல்யாணம்னு 12 நாள்னு வைங்க. அதுக்கும் பில் இல்லை. ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்க ஒரு மாசம், 21 வேலை நாள். மொத்தம் 44 நாள் போச்சு. மிச்சம் 216 நாள், 1,728 மணி நேரம், 8 லட்சத்து 64 ஆயிரம்.

இனி செலவு. லேப்டாப் 75 ஆயிரம்னா மூணு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 25 ஆயிரம். ஒரு லைன் போனா இன்னொண்ணு வேணும்கிறதால ரெண்டு இன்டர்நெட் கனெக்‌ஷன், 18 ஆயிரம். இன்வெர்ட்டர், பேட்டரி இதே மாதிரி பிரிச்சா 10 ஆயிரம். உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு 40 ஆயிரம். ஆடிட்டர் 10 ஆயிரம். டாலர் ரூபாயா மாறும்போது பேங்கும் ஆப்பும் எடுக்கிறது 2 சதவீதம்னா 17 ஆயிரம். ஆக மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம். எல்லாமே தோராயம்தான், உங்க வீட்டு எண்ணைப் போட்டுக்குங்க.

மிச்சம் 7 லட்சத்து 44 ஆயிரம். 6 லட்சத்தைவிட அதிகம்தான், மறுக்கலை. ஆனா 73 சதவீதம் அதிகமா தெரிஞ்சது 24 சதவீதமா சுருங்கிடுச்சு. அந்த 24 சதவீதத்துக்கு நீங்க எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறீங்கன்னு பார்க்கணும்.

பி.எஃப். கிடையாது. அதோட சேர்ந்து வர்ற பென்ஷன் கணக்கும் கிடையாது, 7 லட்சம் வரைக்குமான ஆயுள் காப்பீடும் கிடையாது. அஞ்சு வருஷம் உழைச்சாலும் கிராச்சுட்டி கிடையாது. சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு ஊழியருக்குத்தான். வேலையை விட்டு அனுப்பினா நோட்டீஸ் பீரியட் பணமும் இருக்காது. அந்த 6 லட்சத்துக்குள்ளயும் பி.எஃப். மாதிரி பிடித்தம் இருக்கு, கைக்கு வர்றது குறையும், உண்மைதான். ஆனா அதுல பெரும்பகுதி உங்க பேர்ல எங்கேயோ சேருது. கான்ட்ராக்ட்ல நீங்களா எடுத்து வெச்சாத்தான் சேரும்.

"வரி மிச்சம் ஆகும்"னு ஏஜென்சிக்காரர் சொல்லுவார். அதையும் பார்த்துடுவோம். வருமான வரிச் சட்டத்துல இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. சில தொழில்முறைக்காரங்க மொத்த வரவுல பாதியை மட்டும் லாபம்னு காட்டி வரி கட்டலாம். நல்ல சலுகைதான். ஆனா 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறையில 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே வராது. அப்போ 6 லட்சம் சம்பளக்காரருக்கும் வரி இல்லை, உங்களுக்கும் வரி இல்லை. இந்தச் சலுகை 20, 30 லட்சம் பில் போடுற அனுபவசாலிக்கு லாபம். ஃப்ரெஷருக்கு அதைக் காட்டி ஆசை காட்டுறது சும்மா பேச்சு. இந்திய ஏஜென்சி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சா அதைத் திரும்ப வாங்க நீங்க ரிட்டர்ன் போட்டே ஆகணும். வரி இல்லைன்னு சும்மா இருந்துடாதீங்க.

கணக்கைத் தலைகீழாவும் போட்டுப் பாருங்க. 6 லட்சத்துக்குச் சமமா வரணும்னா, 6 லட்சத்தோட 1.2 லட்சம் செலவைச் சேர்த்து 1,728-ஆல வகுங்க. மணிக்கு 417 ரூபாய். அதுதான் உங்க அடிமட்ட ரேட். அதுக்குக் கீழே யாராவது சொன்னா, நீங்க அவங்களுக்குப் பணம் கொடுத்து வேலை செய்றீங்கன்னு அர்த்தம். 300, 350-க்கு நம்ம பசங்க தலையாட்டுறதைப் பார்த்தாத்தான் வயிறு எரியுது.

அக்ரிமென்ட்ல எங்க கண்ணு வைக்கணும்?

சீனியர்கள் சிலர் காட்டின அக்ரிமென்ட்களைப் படிச்சதுல, திரும்பத் திரும்ப வர்ற சில வரிகள் இருக்கு.

முதலாவது, 'க்ளையன்ட் பணம் கொடுத்த பிறகே உங்களுக்குப் பணம்'. இது எல்லாத்தையும்விட ஆபத்து. நீங்க வேலையை முடிச்சிருப்பீங்க. க்ளையன்டுக்கும் வெண்டருக்கும் ஏதோ சண்டை. உங்க பணம் நிக்கும். இன்வாய்ஸ் கொடுத்த 30 நாளைக்குள்ள, க்ளையன்ட் கொடுத்தாலும் கொடுக்காட்டியும், பணம் வரணும்னு எழுதிக் கேளுங்க. மாட்டேன்னு சொன்னா, ரெண்டு மாச வேலையைக் கடனாக் கொடுக்க நீங்க தயாரான்னு யோசிச்சுட்டு சைன் பண்ணுங்க.

ரெண்டாவது, ஒருதலை நோட்டீஸ். அவங்க ஒரு நாள்ல உங்களை நிறுத்தலாம், நீங்க போகணும்னா 60 நாள். ரெண்டு பக்கமும் ஒரே நாள் கணக்கு கேக்குறதுல தப்பே இல்லை.

மூணாவது, 'வேலை முடிஞ்சு ரெண்டு வருஷம் இதே துறையில வேற யாருக்கும் வேலை செய்யக்கூடாது'. இதைப் பார்த்துப் பயப்படுறவங்க நிறைய. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 27-ஆம் பிரிவு, ஒருத்தர் சட்டப்படியான தொழில் செய்யுறதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. கான்ட்ராக்ட் முடிஞ்ச பிறகும் நீளுற இந்த மாதிரித் தடையை நம்ம கோர்ட்டுகள் பொதுவா ஏத்துக்கிறதில்லை. ஆனா கான்ட்ராக்ட் நடக்கும்போது இருக்கிற தடை வேற, அது செல்லும். க்ளையன்டோட ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோறதும் வேற விஷயம், அதைத் தொடவே தொடாதீங்க.

நாலாவது, நீங்க எழுதுற கோட் யாருக்குச் சொந்தம்? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஊழியர் வேலைக்காக எழுதினது முதலாளிக்குச் சொந்தம். கான்ட்ராக்டர் எழுதினது, எழுத்துல மாத்திக் கொடுத்தாத்தான் அடுத்தவருக்குப் போகும். அதனாலதான் எல்லா அக்ரிமென்ட்லயும் ஒரு பக்கம் முழுக்க அதைப் பத்தி இருக்கும். மாத்திக் கொடுங்க, நியாயம்தான். ஆனா 'பணம் கிடைச்ச பிறகு உரிமை மாறும்'னு ஒரு வரி சேர்க்க முடியுமான்னு கேளுங்க. உங்க கையில இருக்கிற ஒரே பிடி அதுதான்.

ராத்திரியும் விலைதான்

நியூயார்க்ல காலைல 10 மணியிலிருந்து சாயங்காலம் 6 வரைக்கும் வேலைன்னா, நமக்கு ராத்திரி 7:30-ல இருந்து விடியற்காலை 3:30. நவம்பர்ல அங்க கடிகாரத்தை மாத்தினா 8:30-ல இருந்து 4:30. கலிஃபோர்னியான்னா இன்னும் மூணு மணி நேரம் தள்ளிப்போகும், விடிஞ்சுடும். லண்டன் க்ளையன்ட்னா மத்தியானம் ஆரம்பிச்சு ராத்திரி 10 மணி வாக்குல முடியும், மனுஷன் தூங்கலாம். அதனால ரேட்டைக் கேக்குற அதே மூச்சுல, தினமும் எத்தனை மணி நேரம் அவங்களோட சேர்ந்து ஆன்லைன்ல இருக்கணும்னு கேளுங்க. ரெண்டு மணி நேரம்னா சமாளிக்கலாம். எட்டு மணி நேரமும்னா அது நைட் ஷிஃப்ட். ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் அலவன்ஸாவது, கேபாவது இருக்கும்.

நான் நிஜமா கவலைப்படுற இடம்

பணம், ராத்திரி எல்லாத்தையும் சமாளிச்சுடலாம். சமாளிக்க முடியாத ஒண்ணு இருக்கு: கத்துக்கிறது.

க்ளையன்ட் கான்ட்ராக்டரை எடுக்கிறதே, சொன்ன வேலையை முடிச்சுக் கொடுக்கத்தான். உங்களை வளர்க்கணும்கிற அவசியம் அவங்களுக்கு இல்லை. உங்களுக்கு வர்றது ஒரு டிக்கெட். இந்த பட்டனை இங்க மாத்து, இந்த பக்-ஐ சரி பண்ணு. ஏன் இந்த டேட்டாபேஸ், ஏன் இந்த டிசைன்னு முடிவெடுக்கிற மீட்டிங்குக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்க. மணி நேரக் கணக்குல பில் போடும்போது, புரியலைன்னு கேள்வி கேக்கவும் பயமா இருக்கும். 'இதுக்கு நாலு மணி நேரமா?'ன்னு ஏஜென்சியில இருந்து மெயில் வந்துடுமேன்னு தோணும்.

நல்ல டீம்ல பக்கத்து சீட்ல ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பாங்க. நம்ம கோடைப் பார்த்து, "இது ஓடும், ஆனா இப்படி எழுதாதே"ன்னு சொல்லுவாங்க. அந்த ஒரு வரி எந்தக் கோர்ஸ்லயும் கிடைக்காது. முதல் ரெண்டு வருஷத்துல அது கிடைச்சவங்க அஞ்சாவது வருஷத்துல எங்கேயோ போயிடுறாங்க. ரெண்டு வருஷம் டிக்கெட் மட்டும் முடிச்சவங்க, ரெண்டு வருஷ அனுபவம்னு எழுதிக்கலாம். இன்டர்வியூல "நீங்க எடுத்த ஒரு டிசைன் முடிவைச் சொல்லுங்க"ன்னு கேட்டா வாய் அடைச்சுடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு

"பெங்களூர் போக முடிஞ்சவங்க பேசுற பேச்சு இது"ன்னு உங்கள்ல சிலர் சொல்லலாம். சரியான எதிர்ப்புதான். வெளியூர் அனுப்ப மாட்டோம்னு சொல்ற வீட்டுப் பொண்ணுங்க இருக்காங்க. படுக்கையில இருக்கிற அப்பாவைப் பார்த்துக்கிறவங்க இருக்காங்க. வீல்சேர்ல இருக்கிற நண்பருக்கு சென்னையில தினமும் ஆபீஸ் போய் வர்றது எவ்வளவு போராட்டம்னு நமக்குத் தெரியும். கேம்பஸ்ல எதுவுமே கிடைக்காம ஒரு வருஷம் போனவங்களும் இருக்காங்க. இவங்களுக்கு இது ஒரு கதவு. அந்தக் கதவை மூடச் சொல்ற உரிமை எனக்கு இல்லை.

ஆனா இவங்களுக்குத்தான் நான் மேலே சொன்ன கணக்கு ரொம்ப முக்கியம். வேற வழி இல்லைன்னு தெரிஞ்சா ஏஜென்சி ரேட்டை அமுக்கும். உங்களுக்கு இன்னொரு கேள்வியும் கேக்கத் தெரியணும்: "எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட் வழியா என்னை எடுக்க முடியுமா?" அதாவது, இந்தியாவுல பதிவான ஒரு நிறுவனம் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காக உங்களை முறையான ஊழியரா வெச்சுக்கும். பே-ஸ்லிப், பி.எஃப்., விடுப்பு எல்லாம் இந்தியச் சட்டப்படி. வேலை மட்டும் ரிமோட். கைக்கு வர்ற தொகை கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் ரிமோட் வேலையும் வேணும், பாதுகாப்பும் வேணும்கிறவங்களுக்கு அதுதான் சரியான வழி.

பொய் ரெஸ்யூம் பத்தி ஒரு வார்த்தை

சில ஏஜென்சிகள் ஃப்ரெஷரோட ரெஸ்யூம்ல நாலு வருஷ அனுபவம்னு சேர்த்து க்ளையன்டுக்கு அனுப்புவாங்க. "எல்லாரும் பண்றதுதான், நாங்க பாத்துக்கிறோம்"னு சொல்லுவாங்க. மாட்டினா ஏஜென்சி வேற பேர்ல திரும்ப ஆரம்பிக்கும். உங்க பேர் மாறாது. பின்னாடி பெரிய கம்பெனிக்குப் போகும்போது பி.எஃப். கணக்கு வரலாற்றைப் பார்ப்பாங்க, அந்த நாலு வருஷம் அங்க இருக்காது. "ரெஸ்யூம்ல நான் எழுதினது மட்டும்தான் போகணும்"னு மெயில்ல எழுதிக் கேளுங்க. வாயால சொன்னது கணக்குல வராது.

உண்மையாவே கான்ட்ராக்ட்ல வேலை பார்த்தவங்களுக்கும் இதே சிக்கல் வரும், ஏன்னா அவங்களுக்கும் பி.எஃப். பதிவு இல்லை. அதனால அக்ரிமென்ட், இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு பேங்க் கொடுக்கிற சான்று, எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. நாளைக்கு உங்க அனுபவத்துக்கு அதுதான் சாட்சி.

பாலித் தீவுல லேப்டாப்போட உக்காந்திருக்கிற போட்டோவைப் பார்த்து மயங்குறவங்களுக்கும் ஒண்ணு. டூரிஸ்ட் விசாவுல போய் வேலை பார்க்கலாமாங்கிறது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது, மாட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. இதுக்குன்னே தனி விசா கொடுக்கிற நாடுகள் இருக்கு. மலேசியாவோட 'டி.ஈ. ராந்தாவ்' 2022-ல வந்துச்சு, ஐ.டி. ஆளுங்களுக்கு வருஷம் 24,000 டாலர் வருமானம் கேக்குது. ரூபாய்ல 20 லட்சத்தைத் தாண்டும். மணிக்கு 500 ரூபாய்க்கு அந்தப் பக்கமே போக முடியாது.

அப்போ என்னதான் சொல்ல வர்றே?

கேம்பஸ்லயோ வெளியிலயோ ஒரு முறையான வேலை கையில இருந்தா, முதல் ரெண்டு வருஷம் அதுல இருங்க. ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேருங்க. கத்துக்குங்க. அதுக்கப்புறம் கான்ட்ராக்ட்டுக்குப் போங்க, அப்போ ரேட்டை நீங்க சொல்லலாம். வேற வழி இல்லாம இன்னைக்கே போறதா இருந்தா, மணிக்கு 417-ங்கிற மாதிரி உங்க சொந்த அடிமட்ட எண்ணைக் கணக்குப் போட்டு, 30 நாள்ல பணம், ரெண்டு பக்கமும் ஒரே நோட்டீஸ், இது ரெண்டையும் எழுத்துல வாங்குங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உங்க கோடைப் பார்த்துத் திருத்தச் சொல்ல ஒரு சீனியரைப் பிடிச்சு வைங்க.

ஒரு வேண்டுகோளும் இருக்கு. நம்ம காலேஜ்ல இருந்து போன எத்தனையோ பேர் இந்த அக்ரிமென்ட்ல சைன் பண்ணியிருக்காங்க. யாருக்கு என்ன ரேட், எத்தனை நாள்ல பணம் வந்துச்சுன்னு யாரும் யார்கிட்டயும் சொல்றதில்லை. அந்த அமைதியிலதான் ஏஜென்சி 300 ரூபாய்க்கு ஆள் எடுக்குது. நம்ம டிபார்ட்மென்ட் குரூப்லயாவது, பேரை மறைச்சாவது, அந்த எண்களைப் போடுங்க. அடுத்த பேட்ச் தம்பி தங்கச்சிங்க அதைப் பார்த்துட்டு ரேட் பேசட்டும்.